பதினோரு நொடி

ஜொஹராவின் படங்களுக்கு
இருபத்திரண்டு வருடமாய் ஒலி பிடிக்கிறேன்.
மானிய விண்ணப்பத்தில்
'சமூகத் தாக்கம்' என்ற கட்டத்தைக்
காலியாகவே விட்டுவிடுவார்.
சாப்பாட்டில்தான் தொடங்குவார்.

இந்தப் படத்திற்கு,
காக்கி புக்கிட் விடுதிக்குச் சமைக்கும் அதே ஆளிடம்
எங்கள் எல்லாருக்கும் பொட்டலம் சொல்லிவிட்டார்.
நள்ளிரவில் கட்டியதைப்
பகல் பன்னிரண்டரைக்குப் பிரித்தோம்.
சாம்பார் நுரைத்திருந்தது.
கதாநாயகன் இரண்டு நாள் படுக்கை.
மூன்றாம் நாள் வந்து அவன் பேசிய விதத்தை
யாரும் திருத்தவில்லை.

விடிகாலை நாலரை. லாரியின் பின்தட்டில்
இருபத்து மூன்று பேர், என் மைக், நான்.
காட்சித்தாளில் இருந்தது:
ஊரை நினைத்து ஒருவன் அழுகிறான்.
"இந்நேரத்துல யாருக்கா அழுவா,
தூக்கம்ல வரும்" என்றான் சின்னக்கருப்பன்.
அறந்தாங்கிப் பக்கம். நடிகனில்லை, சாரம் கட்டுகிறவன்.
ஜொஹரா என்னிடம் பேனா வாங்கி
அந்த வரியை அடித்தார்.
தீவு விரைவுச்சாலை முடியும்வரை
தூங்கும் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை
எடுத்துக்கொண்டே போனோம்.

பிறகு ஓர் இரவு, யாரும் கேட்காமல்,
அவனே சொன்னான்:
ஆறாம் மாடி, அறுந்த கயிறு,
கீழே கிடந்த கூட்டாளியின் ஒற்றைச் செருப்பு.
ஒரே மூச்சு. ஒரே டேக்.
என் கை நடுங்கியது அந்தப் பதிவில் கேட்கும்.

மறுநாள் மாலை வந்து நின்றான்.
"வீட்ல ஸ்டோர் கீப்பர்னு சொல்லி வச்சிருக்கேன்.
ஊர்ல எல்லார் கையிலயும் போன் இருக்குக்கா."

உபியில், படத்தொகுப்பு அறையில்,
தயாரிப்பாளர் கெஞ்சினார்:
முகத்தை மட்டும் மங்கலாக்கிவிடலாம்,
படமே இந்த இடத்தில்தான் இருக்கிறது.
"அவங்கம்மாவுக்குக் குரல் தெரியாதா?"
என்றார் ஜொஹரா.
வெட்டினார்.
அந்த இடத்தில் பதினோரு நொடி கறுப்புத் திரை.
அடியில் நான் பிடித்த லாரி இரைச்சல்.

குறியீடு என்று எழுதினார்கள்.
நகரத்தின் மனசாட்சி இருண்ட கணம் என்றார்
கலந்துரையாடலில் ஒரு பேராசிரியர்.
ஜொஹரா தண்ணீர் குடித்தார்.

ஞாயிறு பகல் காட்சிக்கு
இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான்.
முடிந்ததும் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
படியிறங்கும்போது என்னிடம் மட்டும் கேட்டான்:
"இருட்டுல ஓடுச்சே, அது எங்க வண்டிதானக்கா?
மூணாவது கியர்ல அப்படித்தான் முனகும்."