ஐந்தாம் சட்டகம்

கல்லடி உப்போடை. போன் கடைக்கு மேலே
ஒற்றை ஜன்னல் அறை. இரவு பதினொன்றரை.
வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகவேண்டும்
பன்னிரண்டு சட்டகங்களும்.
புவனமலரை இன்னும் ஒரே ஆளாக்க முடியவில்லை.

முப்பத்தெட்டு வயது, கறுத்த மெலிந்த உடம்பு,
இறுக்கிப் பின்னிய ஒற்றைப் பின்னல்,
கை மடித்த நீலச் சேட்டு,
வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு
ஐஸ் லொறி ஓட்டுகிறவள் என்று எழுதிக் கொடுத்தேன்.
முதல் படத்தில் அவள் ஓட்டினாள்.
இரண்டாவதில் அவளுடைய தங்கச்சி ஓட்டினாள்.
மூன்றாவதில் யாரோ ஒரு நடிகை,
மூக்குத்தி, கல்யாண வீட்டு முகம்,
ஸ்டியரிங்கைத் தாம்பாளம்போலப் பிடித்திருந்தாள்.
'கறுத்த' என்று எத்தனை தரம் எழுதினாலும்
ஒரு பிடி பவுடர் பூசித்தான் அனுப்புகிறது.

வாவி கேட்டேன், வீட்டுப் படகுகள் தந்தது.
பாலம் இரண்டு என்று சொன்னேன்,
பழைய இரும்பு ஒன்று, பக்கத்தில் புதிய கொங்கிறீற் ஒன்று.
இரண்டையும் ஒட்டித் தைத்து
நடுவழியில் இரும்பாக மாறுகிற
ஒரே பாலம் கட்டிவைத்தது.
அதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

ஏறாவூரிலிருந்து நுஸ்ரத்தின் குரல்செய்தி:
"நாலாவதுல நிக்கிறது ஆருகா?
நம்மட கதைக்குள்ள எப்ப வந்தவ?"

பிறகு ஒரு வழி பிடிபட்டது.
இருந்ததில் நல்ல முகத்தை எடுத்து
நேர், பக்கம், பின்பக்கம் என்று
அடையாள அட்டைக்கு நிறுத்துவதுபோல் நிறுத்தி,
இடப் புருவத்தில் தழும்பு என்று அழுத்தி எழுதினேன்.
ஆணி அடித்ததுபோல் நின்றாள்.
பன்னிரண்டிலும் அவளே.
எழும்பிப்போய் ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து
முதலிலிருந்து பார்த்தேன்.

ஐஸ் கட்டி சறுக்கிப் புருவம் கிழிவது
ஒன்பதாவதில்.
தழும்போ முதலாவதிலேயே இருந்தது.
ஆறாவதில் அவளுக்கு எட்டு வயது,
கடற்கரையில் ஐஸ்பழம் சப்புகிறாள்,
முப்பது வருடம் கழித்து வரப்போகிற காயம்
அந்தச் சின்னப் புருவத்தில் ஆறிப்போய்க் கிடக்கிறது.

தழும்பை எடுத்தேன். ஆளும் கழன்றுபோனாள்.
மறுபடி தங்கச்சி, மறுபடி நடிகை.
அந்தக் காயத்தைத் தவிர
வேறெதனாலும் அவளைத் தெரியாது இதற்கு.
எங்களைப் பற்றி எழுத வந்துபோன சிலரை
அப்போது நினைத்தேன்.
நினைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இரண்டு மணி. மின்விசிறி நின்று, திரும்ப ஓடியது.
முகத்தை எழுதாமல் விட்டேன்.
இடது காலில் பாரம் போட்டு நிற்பாள்.
பிளாஸ்கைக் கழுத்தில் பிடித்துத் தூக்குவாள்.
அறுந்த செருப்பு வாரை
மீன்வலை நூலால் கட்டியிருப்பாள்.
தலைமுடி இறுக்கும்போது
லொறிச் சாவி பல்லுக்கிடையில்.

வந்தவள் கொஞ்சம் முன்னே பின்னே,
மூக்கு ஒருநாள் தடித்து, ஒருநாள் மெலிந்து.
நின்ற நிலை மட்டும் மாறவில்லை.
மூன்று மணிக்கு முதலாளியிடம் சம்பளம் கேட்டு நிற்பவளும்
எட்டு வயதில் ஐஸ்பழம் சப்புகிறவளும்
ஒரே காலில்தான் சாய்ந்திருந்தார்கள்.

ஐந்தாவதுதான் சரிவரவே இல்லை.
பிரேக் பிடிக்குதா என்று முதலாளி கேட்க,
பிடிக்குது என்று அவள் பொய் சொல்கிற இடம்.
வட்ட முகம், வேறு தாடை, வேறு வயது.
நீலச் சேட்டும் சாவியும் இல்லையென்றால்
ஆரோ ஒருத்தி.
இன்றைய கணக்கில் படம் மீதியில்லை என்றது.
நான்கு மணிக்கு அப்படியே அனுப்பிவிட்டுப் படுத்தேன்.
கீழே ஒரு லொறி தண்ணீர் சொட்டச் சொட்டப் போனது.

விடிந்தபின் நுஸ்ரத்தின் இரண்டு செய்திகள்.
முதலாவது: "அஞ்சாவதுல இது ஆருகா?"
ஆறு நிமிடம் கழித்து மற்றது:
"சரி, விடு. மாத்தாத.
பொய் சொல்லக்குள்ள
நானும் வேற ஆளாத்தான் இருப்பனாக்கும்."