கதவருகே பையன்

இரவு ஷிப்ட் முடிந்து
டிராமை டிப்போவில் விட்டுவிட்டு
பகல் காட்சிக்குப் போனேன்.
ஒஸ்த்ராவாவில் நவம்பர்.
நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து
பாலத்தைப் பாதி தின்றிருந்தன.
அரங்கில் ஏழு பேர்.
ஒருவர் தூங்கத்தான் வந்திருந்தார்.

ரத்தக் காட்டேரிப் படம் என்றார்கள்.
கோட்டையும் காணோம், கறுப்பு அங்கியும் காணோம்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைபார்க்கும்
ஐம்பது வயதுப் பெண்போல ஒருத்தி.
முழங்கை நைந்த கம்பளிச் சட்டை.
கடித்த பிறகு அவளுக்குச்
சொத்தைப் பல் வலிக்கிறது.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டே
பச்சைத் தண்ணீரில் துணி அலசுகிறாள்.
வெந்நீர் பட்டால் கறை போகாது,
அவள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.
எந்தத் தொழில் என்று கேட்காதீர்கள்.

பையன் வோய்தா. வயது பத்து.
மூன்று பேர் பிடித்துவைத்து
அவனைச் சாக்பீஸ் தின்ன வைக்கிறார்கள்.
ஒன்று, இரண்டு,
மூன்றாவது நீலம்.
வாயைத் துடைக்காமல் படியேறி வருகிறான்.
அவள் சட்டை நுனியை எச்சிலில் நனைத்து
அவன் உதட்டைத் துடைத்துவிடுகிறாள்.
பின்னணி இசை இல்லை,
எந்த வீட்டிலோ பாத்திரம் தேய்க்கும் சத்தம்.

பிறகு அது நடக்கிறது,
பள்ளியில், உடைமாற்றும் அறையில்.
காமிரா உள்ளே போகவில்லை.
ஒரு ஷூ மட்டும்
தரையில் வழுக்கி வெளியே வருகிறது.
அரங்கில் யாரோ கைதட்டினார்கள்.
ஒரே ஒரு தட்டு.

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அங்கே நாலாவது ஒருவன்.
அவன் அடித்ததில்லை, சிரித்ததுகூட இல்லை.
வாத்தியார் வருகிறாரா என்று பார்ப்பது அவன் வேலை.
படம் முழுக்க ஒரே வசனம்:
"யாரும் இல்லை."
வெளியே வரும்போது அவள்
அவனிடம் குனிந்து முகர்கிறாள்.
ஊசிப்போன சோற்றைப் பூனை விடுவதுபோல
விட்டுவிட்டுப் போகிறாள்.
அவளுக்கு இன்னும் பசிதான்.

எண்பத்தொன்றில் எங்கள் வகுப்பில்
ஹினெக் என்று ஒருவன் இருந்தான்.
அவனுக்குச் சாக்பீஸ் அல்ல,
கொதிகலன் அறைச் சாம்பல் பிசைந்த பனி.
கதவில் நான் நின்றேன்.
அங்கே ஒரு வெந்நீர்க் குழாய் ஓடியது,
முதுகுக்கு இதமாக இருந்தது,
அதனால்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன்.
யாரும் இல்லை என்றேன்.
உண்மைதான்,
அந்தக் கட்டிடத்தில் அவனுக்கு யாரும் இல்லை.
பிப்ரவரியில் அவன் இருக்கை காலியானது.
வேறு ஊர் என்றார்கள்.
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பெயர்கள் ஓடின. விளக்கு போடும்வரை இருந்தேன்.
சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கு முன்னால்
'கதவருகே பையன்' என்று ஒரு வரி,
பக்கத்தில் யாரோ ஒரு சிறுவனின் பெயர்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை,
நிற்கச் சொன்னார்கள், நின்றான்.

அன்றிரவு எட்டாம் எண் டிராம்.
கதவைத் திறப்பதும் மூடுவதும்தான்
முப்பது வருஷமாக எனக்குச் சோறு.
கடைசிக்கு முந்தைய நிறுத்தத்தில்
கம்பளிச் சட்டைக்காரி ஒருத்தி
படிக்கு வெளியே அப்படியே நின்றாள்.
திறந்த கதவு வழியாகக் குளிர் வந்து
என் மடியில் உட்கார்ந்தது.
பொத்தானில் விரல்.
ஏறுங்கள் என்று சொல்ல
எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது.

சில்லறை தேடினாளாம்.
மன்னிப்புக் கேட்டபடி ஏறினாள்,
ஒரு கையால்
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.