வினா பதினேழு

"வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம்
கற்பித்தலில் கணினி பாவிக்கிறீர்கள்?"

சாமிமலைப் பள்ளியில்
கணினி அறைச் சாவி அதிபரின் பையில்,
அதிபர் ஹட்டனில், கூட்டத்தில்.
யன்னல் வழியே எண்ணினேன்: பதினொன்று.
மூன்றுக்கு உறையே கழற்றவில்லை,
உறைமேல் பூஞ்சணம்.

புஷ்பகாந்தி டீச்சர் பூச்சியம் எழுதினார்.
பேனையை மூடவில்லை.

"அப்ப இத எங்க போடுறது சேர்?
தண்ணி டேங்கி மேல ஏறினா
விடிய அஞ்சரைக்கு ரெண்டு கோடு சிக்னல்.
இதயம் துடிக்கிற வீடியோ ஒண்ணு
இறக்க நாலு நாள்.
மூணாம் நாள் அட்ட கடிச்சிருச்சு.
முப்பத்தாறு பிள்ளைக்கு என் போன் ஒண்ணு.
வால்வு மூடுற எடத்தில
நிப்பாட்டச் சொன்னா யுகேந்தினி;
தன் கழுத்தில வெரல் வச்சுப் பாத்தா.
பொறகு வகுப்பே
கழுத்தில வெரலோட ஒக்காந்திருந்திச்சு.
மணி அடிச்சது யாருக்கும் கேக்கல."

வினாக்கொத்தில் அதற்குக் கூடு இல்லை.
பூச்சியத்துக்குள் பென்சிலால்
ஒரு புள்ளி வைத்தேன்,
மஸ்கெலியா பஸ்ஸில், வளைவுகளுக்கிடையே.

கண்டியில் தரவு ஏற்றிய இரவு
மென்பொருள் அதையும்
பூச்சியமென்றே வாசித்தது.
நான் திருத்தவில்லை.
'ஆசிரியர்க்குப் பயிற்சி போதாது' என்று
முடிவுரையை
ஜனவரியிலேயே எழுதிவைத்திருந்தேன்.