விதி நான்கு

மைனஸ் முப்பத்தொன்று.
வினிபெக்கில் ஒரு தேவாலயத்தின் நிலவறை,
இருபத்தாறு கதிரைகள், பத்தொன்பது பேர்.
குறிப்பு எழுதுவது என் வேலை. எழுதுகிறேன்:

விதி நான்கு: ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு.
எழுதிய ஆண்டு எண்பத்தெட்டு.
விண்ணப்பித்தோர் தர்சிகா, கிளோடெட்.
முகவரி ஒன்று, கார் ஒன்று,
குடும்பமா என்பது கேள்வி.

பரராஜசிங்கம் எழும்பினார்.
கையில் அட்டை கழன்ற அகராதி,
எண்பத்தெட்டுக்கு முந்திய பதிப்பு; அதில் கவனமாயிருந்தார்.
"எழுதிய நாளில் சொல் எதைச் சுட்டியதோ
அதற்குத்தான் நாங்கள் கையெழுத்து வைத்தோம்.
இன்று நீங்கள் விரும்பியபடி அகட்டினால்
நாளை இன்னொருவன் விரும்பியபடி ஒடுக்குவான்.
அப்போது எங்கே ஓடுவீர்கள்?"

என் பேனா நின்றது.
எழுதியிருந்த சட்டத்தை ஒரே இரவில் வேறாக வாசித்தவர்களிடமிருந்து
தப்பி வந்தவர்கள்தான்
இந்தக் கதிரைகளில் பாதிப்பேர்.

நிரோஜினி வழக்கறிஞர். எழும்பாமலே பேசினாள்.
"வெகுளி என்றால் ஒருகாலம் கோபம், அங்கிள்.
இப்போது வெகுளி என்றால் நீங்கள்."
சிரிப்பு. அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.
"இந்த நாட்டின் அரசியலமைப்பை
உயிருள்ள மரம் என்று சொல்லித் தொண்ணூறு வருசம் தாண்டிவிட்டது.
அந்த வழக்கில் கேள்வியே
பெண்ணும் ஓர் ஆள்தானா என்பது."
"அதைச் சொன்னதும் லண்டனில் இருந்த நீதிபதிகள்" என்றது
பின்வரிசையில் ஒரு குரல்.

நிலவறைச் சன்னல் உயரத்தில்
எல்ம் மரங்களின் அடி மட்டும் தெரியும்.
ஒன்றில் நகரசபை இட்ட செம்மஞ்சள் புள்ளி,
நோய் கண்டது, வெட்டப்படும்.
மற்றவற்றில் இல்லை.
புள்ளியை மறைத்துவிட்டால் ஜனவரியில்
எது உயிரோடு இருக்கிறதென்று
நான் சொல்லமாட்டேன். எல்லாம் ஒரே விறகு.

விதியை எழுதியவரையே கேட்போம் என்றார்கள்.
தில்லையம்பலம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.
"எனக்கென்ன தெரியும்?
உக்ரேனியர் மன்றம் ஒன்றின் விதிகளை
நூலகத்தில் பிரதியெடுத்து,
பெயரை மாற்றித் தமிழில் போட்டனான்.
நாலாவதும் அவையின்டதுதான்.
அவை ஆரை நினைச்சினமோ."

இடைவேளையில் பழைய சந்தாப் புத்தகத்தைத் திறந்தேன்.
முதல் பக்கம். குடும்ப இலக்கம் ஒன்று.
ஆறு பெயர், ஆறும் ஆண்கள், ஆறு ஊர்,
ஒரே தொலைபேசி எண்.
வாக்கு: ஒன்று.
ஆறாவது பெயர் பரராஜசிங்கம்.

காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.
"ஒரு சோத்துப்பானை" என்றார்.
"ஒரேயொரு குளிர்ச்சட்டை.
வேலைக்குப் போறவன் போட்டுக்கொண்டு போவான்.
மற்றவன் அவன் வரும்வரை வெளியே போகேலாது."
பிறகு, "ஆனால் அது வேறை."
எப்படி வேறென்று ஒருவரும் கேட்கவில்லை.

நிரோஜினியின் முகத்தில் வென்ற களை.
எனக்கு வரவில்லை.
அந்தப் பக்கத்தில்
கணவன், மனைவி, இரண்டு பிள்ளை என்றிருந்தால்?
பழைய மை இம்முறை எங்கள் பக்கம் வாய்த்தது,
சீட்டு விழுவதுபோல.
வாய்க்காமல் போயிருந்தால்
வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு நிற்கும் இந்த இருவருக்கும்
எந்தப் புத்தகத்தைப் புரட்டியிருப்பேன்?
அகராதியை மூடிவைத்துப் பேசியிருப்பேனா?
பரராஜசிங்கத்தின் கேள்வியும்
அப்படியே மேசையில் கிடக்கிறது.

ஒன்பது மணிக்கு மண்டபத்தைப் பூட்டவேண்டும்.
வாக்கெடுப்பு மாசிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இதை முப்பது வருசம் கழித்து யாரோ பிரித்து,
இவர்கள் என்ன கருதினார்கள் என்று சண்டை பிடிக்கக்கூடும்.
அவருக்காக ஒரு வரி கூடுதலாக எழுதினேன்:
நாங்கள் பத்தொன்பது பேர். ஒன்றையே கருதவில்லை.
சிலர் ஒன்றுமே கருதவில்லை.
குளிராக இருந்தது.
கிளோடெட் சுட்டுவந்த வடை கொஞ்சம் கருகியிருந்தது,
மிஞ்சவில்லை.