முதல் வாய்

கழுத்தில் தமனி இரண்டாகக் கவடு பிரியும் இடத்தில்
அரிசியளவு ஒரு பொருள் இருக்கிறதாம்.
ரத்தத்தில் காற்று போதுமா என்று
ருசி பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை.
எல் ஆல்டோவில் என்றைக்குக் காற்று போதுமாயிருந்தது?
நாற்பத்தாறு வருஷம் போதாது போதாது என்று சொல்லியே
இடப்பக்கத்தது வீங்கிவிட்டது,
பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கு அளவுக்கு.

டாக்டர் அரன்சிபியா காகிதத்தில் படம் போட்டார்.
இது நாக்கின் நரம்பு, இது குரலின் நரம்பு,
இது கண்ணிமைக்குப் போவது.
எங்கள் மினிபஸ் தடங்களைப் போலத்தான் இருந்தது,
எல்லாம் செஹா முனையில் வந்து முட்டிக்கொள்ளும்.
நான் ஒன்றுதான் கேட்டேன்:
கூவ முடியுமா?
பெரும்பாலும், என்றார்.
அந்தப் பெரும்பாலுமுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்,
தெயோஃபிலா கொண்டோரி.

ஆறு மணி நேரம். மூன்று பை ரத்தம்.
"தமனி பிழைத்தது, மூளைக்கு ஒன்றுமில்லை"
என்று அவர் சிரித்தபோது நானும் சிரித்தேன்.
பாதி வாய் சிரித்தது.

நாக்கை நீட்டச் சொன்னார்கள்.
நேராகத்தான் நீட்டினேன்.
அது இடப்பக்கம் திரும்பி
வெட்டிய இடத்தை எட்டிப் பார்த்தது.

குரல்?
நிகானோரின் வண்டிக் கதவில் தொங்கிக்கொண்டு
பதினெட்டு வருஷம்
செஹா செஹா வில்லா ஆதேலா என்று
இரண்டு தெரு தாண்டி எறிந்த குரல்
இப்போது டயரில் காற்று இறங்கும் சத்தம்.
அவன் ஒலிபெருக்கி வாங்கிவந்தான்.
பஞ்சர் என்று நினைத்து
இரண்டு பேர் இறங்கப் பார்த்தார்கள்.

இப்போது கதவைத் தட்டுகிறேன்.
இரண்டு தட்டு செஹா, மூன்று தட்டு வில்லா ஆதேலா.
கற்றுக்கொண்டார்கள்.
சிலர் இன்னும் தப்பான ஊருக்குப் போகிறார்கள்.

படத்தில் வராத ஒன்று:
ரொட்டியின் முதல் கடியில்
காதுக்குக் கீழே ஆணி இறங்குகிறது.
இரண்டாம் கடியில் பாதி. நான்காவதில் போய்விடும்.
அடுத்த வேளை மறுபடி முதலிலிருந்து.
எதைக் குடித்தாலும் முதல் துளியைப்
பூமித்தாய்க்கு ஊற்றுகிறவர்கள் நாங்கள்.
முதல் வாய் இனி இதற்கு.
கொடுத்துவிட்டுத் தின்கிறேன்.

வலப்பக்கமும் ஒன்று இருக்கிறதாம்,
திராட்சையளவு, சின்னது.
எடுக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் என்றால்...
டாக்டர் இந்த முறை படம் போடவில்லை.

பார்ப்போம், என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
நானும் திரும்பச் சொல்லவில்லை.