மூன்றாவது ஆள்

செகெத் நகரில் இரவு இரண்டு மணி.
டிஸா ஆற்றின் மேல் மூடுபனி.
எங்கள் அறையின் மூலையில் மட்டும்
முப்பத்தேழு டிகிரி,
கண்ணாடித் தட்டில் இருப்பவர்களுக்காக.

நாற்பத்தொன்றாம் எண்.
நுரையீரல். ஆண். அறுபத்திரண்டு வயது.
அதற்குமேல் சொல்ல மாட்டார்கள்.
கீழே டிராலி பேருந்துக்கு நிற்கும் தலைகளில்
அவருடையது எதுவென்று நான் தேடுவதைப்
பிரோஷ்கா கண்டித்திருக்கிறாள்,
விரல்களால்.
பிறவியிலேயே காது கேளாதவள்.
நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தால்
என்னைவிட இரண்டு மடங்கு பார்ப்பவள்.

திரையில் நீலம்: கிளை விரித்த செல்.
புற்றின் துணுக்கொன்றை நுனியில் ஏந்தி நிற்கிறது,
காணாமல்போனவரின் படத்தை
ரயிலடியில் எல்லோரிடமும் நீட்டுபவரைப்போல.
பச்சை: கொல்லத் தெரிந்தது.
வருகிறது, தடவிப் பார்க்கிறது,
நான்கு நிமிடம்.
போய்விடுகிறது.
இன்னொரு பச்சை, ஆறு நிமிடம்.
அதுவும்.
புற்று தன்பாட்டுக்குப் பெருகுகிறது.

இதுகள் பேசிக்கொள்கின்றனவா இல்லையா என்றேன்.
காதும் காதும் வைத்தாற்போல் என்கிறோம்,
காதே இல்லாதவை இவை.
பிரோஷ்கா விளக்கின் கீழே கையை நீட்டினாள்:
பேச்சென்றால் உனக்கு வாய்தான்.
விளக்கணைத்த பிறகு நானும் என் கணவனும்
உள்ளங்கையில் சண்டை போடுகிறோம்.
உடம்புக்குள்ளே மட்டும் விளக்கா எரிகிறது?

மூன்று பத்துக்கு ஒரு சிவப்பு.
உதவி செல் என்று பெயர்;
இதற்குக் கொல்லும் வேலை இல்லை.
கட்டுரைகளில் எப்போதும் இரண்டாம் பத்தி.
நீலத்தின் மறுபக்கம் வந்து ஒட்டியது.
என்ன சொன்னதோ,
நீலம் கிளைகளை உள்ளிழுத்தது, மறுபடி விரித்தது.
தன்னைச் சுற்றி எதையோ கசியவிட்டிருக்க வேண்டும்,
எங்கள் சாயத்துக்கு அது சிக்காது.
விலகிக்கொண்டிருந்த பச்சை
நின்றது.
திரும்பியது.
இம்முறை போகவில்லை.
மூன்றும் ஒன்றையொன்று விடாமல்
முப்பத்தெட்டு நிமிடம்.
காபி ஆறி ஆடை கட்டியது.

பிறகு தட்டின் ஓரத்தில்
புற்றுச் செல் ஒன்று
கொப்புளம் கொப்புளமாய்ப் பொங்கி அணைந்தது.
ஒன்றுதான்.
இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

பிரோஷ்கா நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.
இதற்குச் சைகை கிடையாது,
செய்யத்தான் வேண்டும் என்றாள்.
இரண்டு முட்டிகளை மடக்கிப் பார்த்தாள்,
போதவில்லை.
என் கையை இழுத்து நடுவில் வைத்து அழுத்தினாள்.

கீழே முதல் டிராலியின் கம்பியில்
நீலப் பொறி பறந்தது.
யார் ஏறுகிறார்கள் என்று
ஜன்னலுக்குப் போயிருப்பேன்.
கை அவளிடம் இருந்தது.