ஏழாம் கூட்டக் குறிப்பு

புதன். இரண்டரை மணி. அறிவியல் கூடம்.
தமிழ் மொழிக் கழகத்துக்கென்று அறை கிடையாது;
மூலையில் எலும்புக்கூடும் நின்றிருந்தது.
வருகை பதினொன்று.
அதையும் சேர்த்தால் பன்னிரண்டு என்றான் நவிந்திரன்.
செயலாளர் நான்.
அதை எழுதவில்லை.

ஆளுக்கொரு பேரிடர் கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஆசிரியை:
நாளிதழில் வெட்டியது,
சொந்தச் சொல்லில் இரண்டு நிமிடம்,
வாய்மொழித் தேர்வுக்கும் உதவும்.

நவிந்திரன் எரிமலை கொண்டுவந்தான்.
சாம்பல் பறந்து பாலித் தீவுக்கு விமானம் நின்றதாம்;
அவன் மாமாவின் தேனிலவு
பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துத் தரையில் கழிந்ததாம்.
சிரித்தோம்.

துர்காஷினி புயல்.
"புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள்,
செத்தவர்களுக்கு ஏன் எண் மட்டும்?"
பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்த வரி,
எங்களுக்குத் தெரியும்.
ஆனாலும் சற்று நேரம்
மின்விசிறி மட்டும் பேசியது.

மேகநாதன் எதையும் வெட்டவில்லை.
உள்ளங்கையில் எழுதி வந்திருந்தான்:
ஐரோப்பா, அனல்காற்று, நாற்பத்திரண்டு டிகிரி.
வியர்வையில் நான்கு கரைந்து ஒன்றாகியிருந்தது.
"பன்னிரண்டு டிகிரிக்கா மயங்கி விழுந்தார்கள்?"
என்றார் ஆசிரியை.

பிறகு சண்டை.
இயற்கைப் பேரிடர் என்பதில் இயற்கை எங்கே இருக்கிறது?
மலையைச் சீவி முப்பது மாடி எழுப்பினால்
மண் சரியாமல் என்ன செய்யும் என்று
மேசையைத் தட்டினான் கோகுலேஸ்.
"நீ எங்கே குடியிருக்கே?"
"இருபத்திரண்டாம் மாடி.
வாடகைதான்."

கடைசியாக ஹேமலோஷினி.
கசங்காமல் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.
படத்தில் தேநீர் நிறத்தில் தண்ணீர்,
மார்பளவு நீரில் ஒருவர்,
தோளில் ஏதோ உருளையாக.
கீழே அச்சில்:
எரிவாயுத் தோம்பைச் சுமந்துசெல்லும் குடியிருப்பாளர்.

"இது கேஸ் தோம்பு இல்ல டீச்சர்.
கிரைண்டர்.
அம்மா தோசை மாவு விக்கிறாங்க.
ஐஸ்பெட்டி, மெத்தை, என் சான்றிதழ் எல்லாத்தையும் விட்டுட்டு
இதைத்தான் தூக்கினார்.
குடியிருப்பாளர் இல்ல.
பெரியண்ணன். எங்க அப்பா."

நாற்பது நொடிகூட ஆகியிருக்காது.
அவள் உட்கார்ந்துவிட்டாள்.
துர்காஷினி தன் புயலை
நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இன்னும் மாவு விக்கிறீங்களா?"
நவிந்திரன்தான். வேறு யார் கேட்பார்கள்.
"கிலோ அஞ்சு வெள்ளி."
மூன்று பேர் கை தூக்கினோம்.

அதற்குள் கொடிமலை காணாமல் போயிருந்தது.
மழைக்கு முந்தைய அந்த மண் வாசனை
யாருக்கோ பிடிக்கும்;
ஒருவன் மூச்சை இழுத்து விட்டான்.
ஹேமலோஷினி எழுந்துபோய்
ஆசிரியையிடம் கைப்பேசி கேட்டாள்.
சன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினாள்:

"சப்பாத்தெல்லாம் மேல எடுத்து வை.
கிரைண்டரை மேசைக்கு ஏத்து.
இல்லடா, இப்பவே.
ஆத்துப் பக்கம் போகாதே.
பாலத்துல நின்னு பாரு,
மூணாவது படி தெரியுதான்னு மட்டும் சொல்லு."

நாங்கள் பத்துப் பேரும்
அந்தப் படிக்காகக் காத்திருந்தோம்.
தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன.
எதிர்முனை பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை.
அவள் "சரி" என்றாள்.
எந்தச் சரி என்று தெரியவில்லை.

அன்றிரவு குறிப்பேட்டில்
'கழகத்தினர் இயற்கைப் பேரிடர் குறித்துச்
சிறப்பாகக் கலந்துரையாடினர்' என்று எழுதி
'சிறப்பாக'வை அடித்தேன்.
'இயற்கை'யின் மேல் பேனா கொஞ்சம் நின்றது.
விட்டுவிட்டேன்;
மேலிடத்துக்குப் போகிற குறிப்பு.

கூட்டம் மூன்று நாற்பதுக்கு
மழை காரணமாக முடிவுற்றது.
பிற அலுவல்கள்:
மாவு, மூன்று கிலோ, வெள்ளிக்கிழமை.
தண்ணீர் ஏறாவிட்டால்.